தாடியஸ் ஸ்டீவன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச்சு வந்தால் லிங்கன், கிராண்ட், லீ என்று நாலைந்து பெயர்களோடு நின்றுவிடுகிறது. சட்டம் செய்த அவையில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனால் முதலில் எதிர்ப்படுபவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். அவரைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1792 ஏப்ரல் 4 அன்று வெர்மான்ட் மாநிலத்து டான்வில்லில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்ததால் வாழ்நாள் முழுக்கச் சாய்ந்துதான் நடந்தார். அப்பா குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட, அம்மா சாராதான் பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். டார்ட்மவுத் கல்லூரியில் 1814-இல் பட்டம் பெற்று, பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்து, கெட்டிஸ்பர்க்கிலும் பிறகு லான்காஸ்டரிலும் வழக்கறிஞராக இருந்தார்.

மாநிலச் சட்டமன்றத்துக்கு 1833-இல் முதன்முதலாகப் போனார். அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் 1849 முதல் 1853 வரை ஒரு தடவை, 1859 முதல் 1868-இல் சாகும்வரை இன்னொரு தடவை. அடிமை முறையை ஒழிப்பதும், ஒழித்தபின் விடுதலை பெற்றவர்களுக்குச் சட்டத்தின் முன் சம இடம் வாங்கித் தருவதும் இரண்டாம் தடவையின் முழுவேலை. அதிபர் பதவியோ அமைச்சர் பதவியோ அவர் வகிக்கவில்லை. செனட்டிலும் இருந்ததில்லை. நாட்டின் அரசியல் சட்டத்தையே மாற்றிய காரியங்களைக் கீழவையின் ஒரு சாதாரண இருக்கையிலிருந்து நடத்தினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோய்ப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் துணை அதிபர் ஸ்டீபன்ஸும் இவரும் ஒரே ஆளா?

இல்லை, நேர் எதிர். அவர் ஜார்ஜியாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், அடிமை முறைதான் தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று 1861-இல் மேடையில் சொன்னவர். தமிழில் எழுதும்போது பெயர் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால் குழப்பம் வருகிறது. போர் முடிந்து ஓராண்டு ஆவதற்குள் ஜார்ஜியா அவரையே செனட்டுக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. நம் ஸ்டீவன்ஸ் தென் மாநில உறுப்பினர்களை ஏன் உள்ளே விடவில்லை என்பதற்கு இந்த ஒரு செய்தியே பாதிப் பதில். மீதி கீழே வருகிறது.

இவர் குடியரசுக் கட்சிக்காரர் என்கிறார்கள். அப்படியென்றால் இன்றைய கணக்கில் வலதுசாரியா?

இன்றைய கட்சிப் படத்தை 1860-களின் மேல் ஒட்ட முடியாது. அன்றைய குடியரசுக் கட்சி 1850-களின் நடுவில், புதிய நிலப்பகுதிகளுக்கு அடிமை முறை பரவுவதைத் தடுக்கப் பிறந்த வட மாநிலக் கட்சி. அதற்குள் 'தீவிரர்கள்' என்று அழைக்கப்பட்ட பிரிவுக்குக் கீழவையில் தலைமை தாங்கியவர் ஸ்டீவன்ஸ்.

அதற்கு முன்னால் ஃபிரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தை எதிர்த்த கட்சி, விக் கட்சி என்று மாறி வந்தவர், நடுவில் கொஞ்ச காலம் குடியேறிகளுக்கு எதிரான கட்சி ஒன்றின் பக்கமும் சாய்ந்தார். அந்தக் கடைசி இடம் அவருக்குப் பெருமை சேர்ப்பதல்ல.

சட்டக் கல்லூரியில் படித்தாரா?

அந்தக் காலத்தில் பெரும்பாலோர் செய்தபடி ஒரு வழக்கறிஞரிடம் இருந்து கற்றுக்கொண்டார். யார்க் நகரப் பள்ளியொன்றில் பகலில் ஆசிரியர் வேலை, மீதி நேரத்தில் சட்டப் புத்தகம். அங்கே ஒரு முட்டுக்கட்டை வந்தது. வேறு வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று யார்க் மாவட்ட வழக்கறிஞர்கள் விதி வைத்திருந்தார்கள்.

ஸ்டீவன்ஸ் எல்லை தாண்டி மேரிலாந்தின் பெல் ஏர் ஊருக்குப் போய் 1816-இல் தேர்வு எழுதி வழக்கறிஞரானார். வேறொரு மாநிலத்தில் பதிவு பெற்றவரை பென்சில்வேனியா நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்ளும் என்பதால், அந்தச் சான்றோடு திரும்பி வந்து கெட்டிஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தார். கதவு மூடியிருந்தால் விதிப் புத்தகத்தில் வேறு கதவைத் தேடும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

அடிமை உரிமையாளருக்காக வாதாடினார் என்று படித்தேன். பொய்தானே?

உண்மை. மழுப்பாமல் சொல்ல வேண்டிய உண்மை. பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநில உரிமையாளர் ஒருவர் தன் அடிமையை ஆறு மாதம் அங்கே வைத்திருந்தால் அந்த அடிமை விடுதலை பெறுவார். மேரிலாந்தைச் சேர்ந்த சாரிட்டி பட்லர் என்ற பெண், தன்னைப் பல தடவை பென்சில்வேனியாவுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள், அந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதம் தாண்டும், ஆகவே நானும் என் பிள்ளைகளும் சுதந்திரர் என்று வழக்காடினார். ஆறு மாதம் என்றால் தொடர்ச்சியாக ஆறு மாதம், விட்டுவிட்டு வந்ததைக் கூட்ட முடியாது என்று உரிமையாளர் தரப்பில் வாதாடியவர் ஸ்டீவன்ஸ். 1821-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே திரும்பினார்கள்.

அதன்பின் அவர் விடுதலை கேட்டு வந்தவர்களுக்காகவும், தப்பி வந்தவர்களுக்காகவும் கட்டணம் வாங்காமலே பல வழக்குகள் நடத்தினார். இந்த வழக்குதான் அவர் மனசாட்சியை உலுக்கியது என்று சிலர் கதை கட்டுகிறார்கள். அவரே அப்படி எழுதிவைத்ததாக ஆதாரம் கிடையாது. வழக்கும் இருந்தது, பின்னாளைய வாழ்க்கையும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நேர்மை.

அவர் நடத்திய மிகப் பெரிய வழக்கு எது?

1851-ஆம் ஆண்டின் கிறிஸ்டியானா வழக்கு. அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று எட்வர்ட் கோர்சச் என்ற மேரிலாந்துப் பண்ணையார், தப்பியோடிய நான்கு பேரைப் பிடிக்க ஆட்களோடு லான்காஸ்டர் மாவட்டத்துக் கிறிஸ்டியானாவுக்கு வந்தார். அங்கிருந்த கருப்பின மக்கள் எதிர்த்து நின்றார்கள். கோர்சச் கொல்லப்பட்டார். மத்திய அரசு 38 பேர் மேல் தேசத் துரோகக் குற்றம் சாட்டியது. முதலில் விசாரிக்கப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளைக்கார மாவு மில்காரர். அடிமைகளைப் பிடிக்க உதவு என்று அதிகாரி கேட்டபோது மறுத்ததுதான் அவர் செய்தது.

பிலடெல்பியாவில் விடுதலை அரங்கத்திலேயே விசாரணை நடந்தது. அரசியலில் ஸ்டீவன்ஸ் பெயர் சூடாக இருந்ததால், ஜனநாயகக் கட்சிக்காரரான ஜான் ரீட் என்பவரை முன்னால் நிறுத்திவிட்டு அவர் பின்வரிசையில் வேலை செய்தார். வாதத்தின் சாரம் இதுதான்: அரசியல் சட்டப்படி துரோகம் என்றால் அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பது. ஒரு கைதைத் தடுப்பது வேறு குற்றமாக இருக்கலாம், போர் ஆகாது. நீதிபதி கிரியரும் ஜூரிகளிடம் ஏறக்குறைய அதையே சொன்னார். ஜூரிகள் கால் மணி நேரத்தில் விடுவித்தார்கள், மற்றவர்கள் மீதான துரோக வழக்கும் கலைந்தது. ஆனால் அடுத்த தேர்தலில் விக் கட்சி அவரை நிறுத்தவில்லை. 1853-இல் அவை இருக்கை போயிற்று.

பள்ளிக் கல்வியில் இவர் பங்கு என்ன?

1809-ஆம் ஆண்டுச் சட்டப்படி பென்சில்வேனியாவில் அரசுச் செலவில் படிக்க வேண்டுமானால், பெற்றோருக்குக் கட்டணம் கட்ட வழியில்லை என்று வரி மதிப்பீட்டாளரின் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். ஊர் முழுக்கத் தெரியும்படி 'ஏழை' என்று முத்திரை குத்துவதற்கு இது சமம். பல பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமலே இருந்துவிட்டார்கள். 1834-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரிப்பணத்தில் பொதுப்பள்ளி என்ற சட்டம் வந்தது. உடனே வரி கட்டுவோர் கொதித்தார்கள், தேவாலயப் பள்ளிகள் வைத்திருந்த ஜெர்மானியக் குடும்பங்களும் எதிர்த்தன. அடுத்த ஆண்டே மாநில செனட் சட்டத்தை ரத்து செய்ய வாக்களித்தது.

மாநிலப் பிரதிநிதிகள் அவையும் அதே வழியில் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1835 ஏப்ரல் 11 அன்று ஸ்டீவன்ஸ் பேசினார். பிள்ளை இல்லாதவன் ஏன் பள்ளி வரி கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு, குற்றமே செய்யாதவனும் சிறைச்சாலைக்கும் நீதிமன்றத்துக்கும் வரி கட்டுகிறானே என்று திருப்பிக் கேட்டார். ரத்துத் தீர்மானம் தோற்றது. தான் செய்தவற்றில் இதையே பெரிதாக மதிப்பதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1838-ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டம் வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்று சுருக்கியபோது, அதை வரைந்த மாநாட்டின் உறுப்பினராக இருந்தும் கையெழுத்துப் போட மறுத்தார்.

சட்டமன்ற ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார் என்பது உண்மையா?

ஆமாம். 1838 டிசம்பர், ஹாரிஸ்பர்க். பிலடெல்பியா தேர்தல் முடிவுகளில் தகராறு. இரண்டு தரப்பும் தங்கள் ஆட்கள் வென்றதாகத் தனித்தனிப் பட்டியல் கொடுத்தன. ஸ்டீவன்ஸ் தரப்பைச் சேர்ந்த மாநிலச் செயலர் தங்களுக்குச் சாதகமான பட்டியலை மட்டும் அவைக்கு அனுப்பினார். இரண்டு கோஷ்டியும் ஆளுக்கொரு அவைத்தலைவரைத் தேர்ந்தெடுத்தன. கூட்டம் செனட் அரங்குக்குள் புகுந்தபோது ஸ்டீவன்ஸும் வேறு இருவரும் பின் ஜன்னல் வழியாக வெளியேறினார்கள். ஆளுநர் படையை அழைத்தார், படைக்குக் கொடுத்த தோட்டாவின் பெயரால் 'பக்ஷாட் போர்' என்று அது பெயர் பெற்றது. முடிவில் ஸ்டீவன்ஸ் தரப்பு தோற்றது.

அவர் பக்கம் நியாயம் குறைவு. ஆனால் ஒரு அவை கூடும் முதல் நாளில் பெயர்ப் பட்டியல் யார் கையில் இருக்கிறதோ, அவை அவர்கள் கையில் என்ற பாடத்தை அவர் மறக்கவில்லை. 1865 பற்றிய கேள்வியில் இதே விஷயம் திரும்ப வரும்.

இரும்பு ஆலை முதலாளியாமே? பணக்காரராக இருந்தாரா?

கெட்டிஸ்பர்க்குக்கும் சேம்பர்ஸ்பர்க்குக்கும் நடுவில் கேலடோனியா என்ற இரும்பு உலையை நடத்தினார். அது அவருக்கு லாபத்தைவிடக் கடனையே அதிகம் தந்தது. கடன் 2 லட்சம் டாலரைத் தாண்டியது. 1842-இல் அவர் லான்காஸ்டருக்கு மாறியதற்குக் காரணமே அங்கே பெரிய வழக்குகள் கிடைக்கும், கடனை அடைக்கலாம் என்பதுதான்.

1863 ஜூன் 26 அன்று, கெட்டிஸ்பர்க் சண்டைக்குச் சில நாள் முன்பு, தென் படைத் தளபதி ஜூபல் எர்லி அந்த ஆலையைக் கொளுத்தினார். முதலாளி யார் என்று தெரிந்தே செய்தது. அவையில் இரும்பு இறக்குமதி வரிக்கு ஆதரவாக ஸ்டீவன்ஸ் பேசியதில் சொந்த நலனும் கலந்திருந்தது என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. இன்று அந்த இடம் கேலடோனியா மாநிலப் பூங்கா.

போர்க்காலத்தில் அவையில் அவர் செய்த வேலை என்ன?

பணம் திரட்டுவது. 1861 ஜூலை முதல் அவையின் நிதி வழிவகைக் குழுவுக்குத் தலைவர். வரி, கடன், செலவு மூன்றும் அன்று அந்த ஒரே குழுவின் பொறுப்பு. நாட்டின் முதல் வருமான வரி 1861 ஆகஸ்டில் சட்டமானது: ஆண்டுக்கு 800 டாலருக்கு மேற்பட்ட வருமானத்தில் 3 சதவீதம்.

1861 டிசம்பர் கடைசியில் வங்கிகள் தாளுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டன. படைக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. அப்போது வந்ததுதான் பச்சை நோட்டு. 1862 பிப்ரவரி 25 சட்டம் 15 கோடி டாலர் அளவுக்கு, தங்கப் பிணை இல்லாத அரசு நோட்டுகளை அனுமதித்தது. கடன் கொடுத்தவர் வாங்க மறுக்க முடியாது. வரைவு எழுதியவர் குழு உறுப்பினர் ஸ்பால்டிங், அவையில் தள்ளி நிறைவேற்றியவர் ஸ்டீவன்ஸ். செனட் ஒரு விலக்கைச் சேர்த்தது: அரசுக் கடன் பத்திர வட்டி மட்டும் தங்கத்தில்தான், அதற்காகச் சுங்க வரியும் தங்கத்தில்தான். சிப்பாய்க்குத் தாள், பத்திரம் வைத்திருக்கும் வங்கிக்காரருக்குத் தங்கம் என்பதை ஸ்டீவன்ஸ் கடுமையாக எதிர்த்தார், முடியாமல் ஒப்புக்கொண்டார். 1864 கோடையில் 100 டாலர் நோட்டின் தங்க மதிப்பு 40 டாலருக்கும் கீழே இறங்கியது.

அடிமை முறையை ஒழித்தவர் லிங்கன்தானே? இவருக்கு என்ன பங்கு?

லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் கலக மாநிலங்களுக்கு மட்டும், போர்க்கால அதிகாரத்தில் செய்தது. நாடு முழுவதற்கும் நிரந்தரமாக ஒழிக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். அதுதான் 13-ஆம் திருத்தம். செனட் 1864 ஏப்ரலில் நிறைவேற்றியது, கீழவை அதே ஜூனில் தோற்கடித்தது, 1865 ஜனவரி 31 அன்று 119-க்கு 56 என்று நிறைவேற்றியது. வாக்களித்தவர் 175 பேர், மூன்றில் இரண்டு பங்குக்கு 117 தேவை. இரண்டே வாக்கு அதிகம்.

எதிர்க்கட்சியிலிருந்து ஆட்களை இழுத்தது லிங்கனின் ஆட்கள். ஸ்டீவன்ஸ் செய்தது வேறு. லிங்கன் தயங்கிய காலத்தில் இடைவிடாமல் முன்னே தள்ளினார், வாக்கெடுப்பு நெருங்கியபோது பயந்தவர்கள் விலகிப்போகாதபடி தன் கோரிக்கையின் அளவைக் கட்டுப்படுத்திக்கொண்டார். எல்லா விஷயத்திலும் எல்லோரும் சமம் என்று தான் சொன்னதில்லை, சட்டத்தின் முன் சமம் என்றே சொல்கிறேன் என்று அந்த ஜனவரியில் அவையில் பேசினார்.

போரில் தோற்ற மாநிலங்களின் உறுப்பினர்களை அவைக்குள் வரவிடாமல் எப்படித் தடுத்தார்? அதற்கு என்ன அதிகாரம்?

முதலில் ஏன் என்று பார்ப்போம். பழைய கணக்கில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணித் தென் மாநிலங்களுக்கு இடங்கள் ஒதுக்கினார்கள். அடிமை முறை போனதும் ஐந்து பேரும் ஐந்தாகவே எண்ணப்படுவார்கள், ஆனால் வாக்கு யாருக்கும் கிடையாது. தோற்ற தரப்புக்குப் போருக்கு முன்பு இருந்ததைவிட அதிக இடம்! ஸ்டீவன்ஸ் 1865 டிசம்பரில் போட்ட கணக்குப்படி 83 இடங்கள். வாக்குரிமை மறுத்தால் அதற்கேற்ப இடமும் குறையும் என்று திருத்தினால் 46.

எப்படி என்பது இன்னும் சுவையானது. புதிய அவை கூடும்போது அவைத்தலைவர் இருக்க மாட்டார். முந்தைய அவையின் செயலர்தான் பெயர்களைப் படிப்பார், படிக்கப்பட்டவர்களே தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்போது செயலராக இருந்தவர் கெட்டிஸ்பர்க்கைச் சேர்ந்த எட்வர்ட் மெக்பர்சன், ஸ்டீவன்ஸ் வளர்த்துவிட்டவர். 1865 டிசம்பர் 4 அன்று அவர் தென் மாநிலப் பெயர்களைப் படிக்காமல் தாண்டிப் போனார். டென்னசியின் ஹொரேஸ் மேனார்ட், போர் முழுக்க ஒன்றியத்தின், அதாவது வட தரப்பின், பக்கம் நின்றவர், எழுந்து கேட்டார். பட்டியலில் இல்லாதவர் பேச முடியாது என்று நிறுத்தப்பட்டார். நியூயார்க்கின் ஜேம்ஸ் புரூக்ஸ் எதிர்த்தும் பலன் இல்லை.

தலைவர் தேர்தல் முடிந்த கையோடு ஸ்டீவன்ஸ் எழுந்து, கீழவையில் 9 பேர், செனட்டில் 6 பேர் கொண்ட கூட்டுக்குழு அமைக்கவும், அது அறிக்கை தரும்வரை எந்தக் கலக மாநிலத்தவரையும் ஏற்கக் கூடாது என்றும் தீர்மானம் கொண்டுவந்தார். அதிகாரம்? தன் உறுப்பினர்களின் தகுதியைத் தீர்மானிப்பது அந்தந்த அவையே என்கிறது அரசியல் சட்டத்தின் முதல் உறுப்பு. அதன் பின்னால் அவருக்கு ஒரு பெரிய வாதமும் இருந்தது: பிரிந்துபோய்ப் போர் தொடுத்துத் தோற்ற மாநிலங்கள் வெல்லப்பட்ட நிலப்பகுதிகள், அவற்றை என்ன செய்வது என்று முடிவுசெய்வது கீழவையும் செனட்டும் சேர்ந்த காங்கிரஸ். இந்த வாதத்தைச் சொந்தக் கட்சியிலேயே பலர் ஏற்கவில்லை. பெயர்ப் பட்டியல் விஷயத்தில் மட்டும் எல்லோரும் கூட நின்றார்கள்.

அமெரிக்காவில் பிறந்தால் குடியுரிமை என்ற சட்டத்தைக் கொண்டுவந்தவர் இவர்தானா?

அங்கே பிள்ளை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் அதிகம் கேட்கும் கேள்வி. 14-ஆம் திருத்தத்தை மேலே சொன்ன கூட்டுக்குழுவிலிருந்து அவைக்குக் கொண்டுவந்து நடத்திச் சென்றவர் ஸ்டீவன்ஸ். ஆனால் 1866 மே 10 அன்று கீழவை 128-க்கு 37 என்று நிறைவேற்றிய வடிவத்தில் குடியுரிமை வாசகமே கிடையாது. 'அமெரிக்காவில் பிறந்த, அல்லது குடியுரிமை வழங்கப்பெற்ற, அதன் ஆளுகைக்கு உட்பட்ட அனைவரும்' என்ற முதல் வரியைச் செனட்டில் சேர்க்க முன்மொழிந்தவர் மிச்சிகனின் ஜேக்கப் ஹாவர்ட். சம பாதுகாப்பு வாசகம் பெருமளவு ஒஹாயோவின் ஜான் பிங்கமின் எழுத்து. செனட் மாற்றங்களோடு திரும்பி வந்ததைக் கீழவை ஜூன் 13 அன்று 120-க்கு 32 என்று ஏற்றது.

ஆக, ஒரு தகப்பன் பெயரைக் கேட்டால் பதில் கிடைக்காது. அது சட்டத்தின் பகுதியாக ஏறியதற்கு அவை நிர்வாகம் முக்கியக் காரணம், அதை நடத்தியவர் ஸ்டீவன்ஸ். 1868 ஜூலையில் மாநிலங்களின் ஒப்புதல் முடிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டே போனார்.

அவ்வளவு பிடிவாதக்காரர், அரைகுறையான 14-ஆம் திருத்தத்தை ஏன் ஏற்றுக்கொண்டார்?

எங்களைக் கேட்டால், அவரைப் புரிந்துகொள்ள இதுவே சரியான கேள்வி. அந்தத் திருத்தம் கருப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரவில்லை. வாக்கு மறுத்தால் இடம் குறையும் என்ற தண்டனையை மட்டும் வைத்தது. கலகத்துக்கு மனமாரத் துணைபோனவர்களுக்கு 1870 வரை வாக்கு இல்லை என்ற அவரது விருப்பமான பிரிவையும் செனட் எடுத்துவிட்டு, முன்பு உறுதிமொழி எடுத்துவிட்டு மீறியவர்களுக்குப் பதவி இல்லை என்று சுருக்கியது.

இடக் குறைப்பு மட்டும் கொண்ட முந்தைய வரைவு ஒன்றை அவர் ஜனவரியில் கீழவையில் நிறைவேற்றியிருந்தார். அதே தீவிரர் அணியின் செனட்டர் சார்ல்ஸ் சம்னர், வாக்குரிமையை மறுக்க மறைமுகமாக அனுமதி தருகிறது என்று மார்ச்சில் அதைத் தோற்கடிக்க உதவினார். கொள்கை சரி, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்டீவன்ஸுக்கு அதில் கடும் கோபம். ஜூன் 13 அன்று இறுதி வடிவத்தைப் பற்றிப் பேசும்போது, அநீதியின் மிச்சமே இல்லாதபடி அரசை மறுபடி கட்டலாம் என்ற தன் கனவு கலைந்துவிட்டது, பழைய கட்டடத்தின் மோசமான பகுதிகளை ஒட்டுப்போடுவதோடு திருப்தி அடைய வேண்டியிருக்கிறது என்றார். பிறகு ஏன் ஏற்கிறேன் என்றால், நான் மனிதர்களோடு வாழ்கிறேன், தேவதைகளோடு அல்ல என்றார்.

அதோடு நின்றவர் அல்ல. 1867 மார்ச் 2 அன்று, லிங்கனுக்குப் பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சனின் மறுப்பையும் மீறி நிறைவேறிய மறுகட்டமைப்புச் சட்டம் பத்து மாநிலங்களை ஐந்து ராணுவ மாவட்டங்களாக்கி, கருப்பின ஆண்கள் வாக்களித்து உருவாக்கும் புதிய மாநில அரசியல் சட்டம் இருந்தால்தான் திரும்ப நுழைவு என்றது. கிடைத்ததை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு மறுநாளே பாக்கியைக் கேட்டு வருவதுதான் அவர் முறை.

'நாற்பது ஏக்கர்' திட்டம் இவருடையதா?

அந்தச் சொல் ஜெனரல் ஷெர்மன் 1865 ஜனவரியில் கடலோர நிலங்களுக்காகப் போட்ட உத்தரவோடு பரவியது. அதிபர் ஜான்சன் அதே ஆண்டில் அந்த நிலங்களைப் பழைய உரிமையாளர்களுக்குத் திருப்பிவிட்டார். ஸ்டீவன்ஸ் கேட்டது அதைவிடப் பல மடங்கு பெரியது. 1865 செப்டம்பர் 6 அன்று லான்காஸ்டரில் கணக்கோடு சொன்னார்: 10,000 டாலருக்கு மேல் சொத்தோ 200 ஏக்கருக்கு மேல் நிலமோ வைத்திருந்த கலகத் தலைவர்களின் நிலத்தை எடுத்தால் 39.4 கோடி ஏக்கர் வரும், பாதிக்கப்படுபவர்கள் சுமார் 70,000 பேர். விடுதலை பெற்ற வயதுவந்த ஆண்கள் 10 லட்சம் பேருக்குத் தலைக்கு 40 ஏக்கர், ஆக 4 கோடி. மீதியை ஏக்கர் 10 டாலருக்கு விற்றால் 354 கோடி டாலர். அதில் 30 கோடி போர் ஓய்வூதியத்துக்கு, 20 கோடி விசுவாசிகளின் இழப்பீட்டுக்கு, மீதி முழுக்க தேசக் கடனுக்கு.

நிறைவேறவில்லை. 1866 பிப்ரவரியில் இதன் ஒரு பகுதியை, விடுதலை பெற்றவர்களுக்கு உதவும் அரசு அலுவலகத்துக்கான மசோதாவில் சேர்க்கப் பார்த்தபோது 126-க்கு 37 என்று தோற்றது. துரோகத் தண்டனையாகப் பறிக்கும் சொத்து தண்டிக்கப்பட்டவரின் ஆயுள்வரைதான் என்ற அரசியல் சட்ட வரம்பு ஒரு தடை. சொத்துரிமையில் கைவைக்க வட மாநில முதலாளிகளின் தயக்கம் அதைவிடப் பெரிய தடை. வாக்கு கையில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். நிலம் இல்லாதவனின் வாக்கை நிலக்காரன் மிரட்டிப் பறித்துவிடுவான் என்பது ஸ்டீவன்ஸின் பதில். பின்வந்த குத்தகைக் கொடுமைக் காலத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

அதிபர் ஜான்சனைப் பதவிநீக்க எழுப்பிய குற்றச்சாட்டு ஒரு வாக்கில் ஏன் தோற்றது?

செனட் ஒப்புதலோடு நியமித்தவரை அதன் ஒப்புதல் இல்லாமல் நீக்கக் கூடாது என்று 1867-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. 1868 பிப்ரவரி 21 அன்று ஜான்சன் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை நீக்கினார். மூன்றே நாளில் கீழவை 126-க்கு 47 என்று குற்றம் சாட்டியது. மறுநாள் ஸ்டீவன்ஸும் பிங்கமும் செனட்டுக்குப் போய் அறிவித்தார்கள். செனட்டில் வழக்கு நடத்திய ஏழு பேரில் ஸ்டீவன்ஸும் ஒருவர், ஆனால் நாற்காலியில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. ஏப்ரலில் வாதத்தைப் படிக்கத் தொடங்கிக் குரல் போய்விட, மீதியை பெஞ்சமின் பட்லர் படித்தார்.

குற்றச்சாட்டு 11. மற்றவை குறுகிய சட்ட மீறலைப் பிடித்துக்கொண்டிருந்தன என்பதால், எல்லாவற்றையும் தொகுத்து அதிபர் காங்கிரஸின் அதிகாரத்தையே மறுக்கிறார் என்ற 11-ஆவதைச் சேர்க்கவைத்தவர் ஸ்டீவன்ஸ். வெல்ல வாய்ப்பு அதிகம் என்று மே 16 அன்று அதையே முதலில் வாக்குக்கு விட்டார்கள். 54 செனட்டர்களில் 36 தேவை, கிடைத்தது 35. ஏழு குடியரசுக் கட்சியினர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஸ்டான்டன் லிங்கன் நியமித்தவர், ஆகவே அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்துமா என்பதே சந்தேகம் என்றது ஜான்சன் தரப்பு. ஜான்சன் போனால் பதவிக்கு வரவிருந்த செனட் தலைவர் பென் வேடைப் பலருக்குப் பிடிக்காது என்பதும் சேர்ந்துகொண்டது. வழக்கின் உயிர் அரசியல், கட்டடம் நுணுக்கச் சட்டம். அந்தப் பொருத்தமின்மை ஸ்டீவன்ஸுக்கே தெரிந்திருந்தது.

லிடியா ஸ்மித் அவருடைய மனைவியா?

ஸ்டீவன்ஸ் மணம் செய்துகொள்ளவே இல்லை. லிடியா ஹாமில்டன் ஸ்மித் கலப்பின வம்சத்தவர், கணவரை இழந்த இரண்டு பிள்ளைகளின் தாய். 1840-களிலிருந்து ஸ்டீவன்ஸ் சாகும்வரை அவர் வீட்டை நிர்வகித்தார். இருவரும் தம்பதிபோல வாழ்ந்தார்கள் என்று எதிரிப் பத்திரிகைகள் எழுதின. உறுதிசெய்யவும் மறுக்கவும் ஆவணம் இல்லை. விருந்தாளிகள் அவரை 'திருமதி ஸ்மித்' என்றே அழைத்தார்கள், அன்று கருப்பினப் பெண்களுக்குக் கிடைக்காத மரியாதை அது. உயிலில் ஆண்டுக்கு 500 டாலர், அல்லது மொத்தமாக 5,000 டாலர் என்று அவருக்கு எழுதிவைத்தார். லிடியா சொந்தமாக வீடு, நிலம் வாங்கி விற்ற வியாபாரியும்கூட. ஸ்டீவன்ஸ் கதையில் துணைப் பாத்திரமாக மட்டும் அவரைக் குறுக்குவது சரியல்ல.

அவர் பழிவாங்கும் வெறியர் என்றுதானே பழைய புத்தகங்கள் சொல்கின்றன?

20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். போருக்குப் பின் தென் மாநிலங்களை மாற்றியமைத்துத் திரும்பச் சேர்த்த மறுகட்டமைப்பே ஒரு பெருந்தவறு என்று கருதிய வரலாற்றாசிரியர்களின் பார்வை அது. 1950-களுக்குப் பின், கருப்பின மக்களின் சம உரிமைப் போராட்டக் காலத்தில், மதிப்பீடு மாறியது. அவர் நாக்கு தேள் கொடுக்குதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மரண தண்டனைக்கே எதிரானவர், தோற்ற தலைவர்களைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. கேட்டது அவர்கள் நிலத்தை, நாற்பது ஏக்கர் பதிலில் சொன்னபடி.

கல்லறை பற்றி ஏதோ சிறப்பு உண்டாமே?

1868 ஆகஸ்ட் 11 நள்ளிரவு வாஷிங்டனில் இறந்தார். ஹென்றி கிளே, லிங்கனுக்குப் பிறகு நாடாளுமன்ற வட்ட மண்டபத்தில் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்ட மூன்றாமவர். கருப்பின வீரர்கள் காவல் நின்றார்கள். லான்காஸ்டரின் பெரிய இடுகாடுகள் வெள்ளையருக்கு மட்டும் என்று விதி வைத்திருந்ததால், அந்த விதி இல்லாத சிறிய ஷ்ரைனர் இடுகாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்தக் காரணத்தையே கல்லில் பொறிக்கவும் சொல்லியிருந்தார். தேர்தல் நெருங்கியிருந்ததால் மாவட்டக் கட்சியினர் இறந்தவரையே மரியாதையாக வேட்பாளராக அறிவித்தார்கள்.

உயிலில் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்துக்கு 50,000 டாலர் ஒதுக்க வழி செய்திருந்தார், நிறமோ இனமோ பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பணம் வழக்குகளைத் தாண்டி 1905-இல் ஒரு தொழிற்பள்ளியானது. இன்று அது லான்காஸ்டரில் அவர் பெயரிலேயே தொழில்நுட்பக் கல்லூரியாக நடக்கிறது.

கடைசியாக ஒன்று: வாக்கு மறுத்தால் இடம் குறையும் என்ற அந்தப் பிரிவு எப்போதாவது பயன்பட்டதா?

ஒரு தடவைகூட இல்லை. 14-ஆம் திருத்தத்தின் இரண்டாம் பிரிவு அது. 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாக்குரிமை மறுக்கப்பட்ட ஆண்கள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி சேர்த்தார்கள். வந்த எண்ணிக்கை நம்பத் தகுந்ததாக இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதே ஆண்டில், இன காரணமாக வாக்கு மறுக்கக் கூடாது என்ற 15-ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்ததும், இரண்டாம் பிரிவு தேவையில்லை என்ற எண்ணம் பரவியது.

1890 முதல் மிசிசிப்பி தொடங்கித் தென் மாநிலங்கள் வாக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று நிறத்தின் பெயர் சொல்லாமலே வாக்கைப் பறித்தன. அந்த மாநிலங்களின் இடங்களை வெட்ட வேண்டும் என்று காங்கிரஸில் சிலர் கேட்டும் நடக்கவில்லை. தண்டனையை யார், எந்தக் கணக்கை வைத்து, எப்போது போடுவது என்ற நடைமுறை அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. அதற்கான சட்டத்தைக் காங்கிரஸ் பிறகும் போடவில்லை. 1965 வாக்குரிமைச் சட்டம் வந்தபோது இரண்டாம் பிரிவைத் தொடாமல், 15-ஆம் திருத்தத்தின் அதிகாரத்தைக் கொண்டே அதை எழுதினார்கள்.